தண்டவாளத்தின் கீழே ஒரு மடம்

இங்கிலாந்தின் தென்கரைக்கு அண்மையிலுள்ள லூயிஸ் நகரில் குடியேறிய புதிதில், ஊரின் பெயரை (Lewes) எழுத்துக்கூட்டி ‘லீவ்ஸ்’ என்று சொல்லிப் பயணச்சீட்டு விற்பவரை இருமுறை விழிக்க வைத்தேன். வேலைக்காக நாள்தோறும் பிரைட்டனுக்குச் செல்லும் புகையிரதம் நிலையத்தைத் தாண்டியதும், இடப்புறம் சில மொட்டைச் சுவர்கள் தெரியும். கைவிடப்பட்ட களஞ்சியம் என்றே பல மாதங்கள் எண்ணியிருந்தேன்.

ஒரு ஞாயிறு நடந்துபோய்ப் பார்த்தபோதுதான் அது புனித பங்கிராஸ் மடம் என்று அறிந்தேன். நோர்மன் பிரபு வில்லியம் டி வாரனும் அவர் மனைவி குந்திராடாவும் ரோமுக்கு யாத்திரை புறப்பட்டு, பாப்பரசருக்கும் பேரரசருக்கும் இடையே மூண்ட போரால் வழி அடைபட்டு, பிரான்சின் குளூனி மடத்தில் தங்கினர். அங்கு கண்ட உபசரிப்பில் மனம் நிறைந்து, அம்மரபுத் துறவிகளை வரவழைத்து 1077 அளவில் இதை நிறுவினர். இங்கிலாந்தின் முதல் குளூனி மடம் இதுவே. 1264 இல் லூயிஸ் போரில் தோற்ற மன்னன் மூன்றாம் ஹென்றி இங்குதான் ஒதுங்கினான்.

கட்டியவர்களைவிட இடித்தவர்களின் கதையே என்னை அதிகம் பிடித்துக்கொண்டது. நாட்டின் மடங்களை மூடிவந்த மன்னன் எட்டாம் ஹென்றியின் கைக்கு 1537 இல் இம்மடமும் போனது. மறு ஆண்டு அவனது அமைச்சர் தோமஸ் குரோம்வெல் அனுப்பிய இத்தாலியப் பொறியியலாளர் ஜியோவன்னி போர்த்தினாரி, லண்டனிலிருந்து 17 பேரை அழைத்து வந்தார். சுவர்களின் அடியை வெட்டி, தச்சர்கள் மரமுட்டுக் கொடுத்து, பின் முட்டுகளை அகற்றி, 400 அடிக்கும் மேல் நீண்ட ஆலயத்தைச் சரித்தனர். கூரையின் ஈயத்தை உருக்குவதற்கென்றே உலைக்காரர் ஒருவரும் வந்திருந்தார். பலிபீடம் போயிற்று, துறவிகளின் கழிப்பறைக் கட்டடத்தின் சுவர்களோ இன்றும் நிற்கின்றன! முகப்புக் கல்லை உரித்துச் சென்றுவிட்டதால், உள்ளேயிருந்த சிக்கிமுக்கிக் கற்களே வெளித்தெரிகின்றன.

1845 இல் இருப்புப்பாதைக்காக ஆலயத்தின் ஊடாகவே தோண்டியபோது, நிறுவிய இருவரின் பெயர் பொறித்த ஈயப் பேழைகள் எலும்புகளோடு கிடைத்தன. அவை இப்போது அருகிலுள்ள சவுத்ஓவர் தேவாலயத்தில் உள்ளன. அந்தப் பாதையில்தான் நான் அத்தனை மாதங்களும் அரைத்தூக்கத்தில் போய்வந்திருக்கிறேன்.

உரித்த கற்கள் ஊருக்குள்ளேயே புகுந்தன. நோர்மண்டியின் கான் நகரிலிருந்து கடல் கடந்து வந்த அந்த வெளிர்மஞ்சள் கல்லைக்கொண்டு 1572 இல் எழுந்த சவுத்ஓவர் கிரேஞ்ச் மாளிகையில் இப்போது பதிவாளர் அலுவலகம் இயங்குகிறது. என் மகளின் பிறப்பை அங்குதான் பதிந்தோம். அவள் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி பதிவாளர் இருமுறை கேட்டார்.