வில்லங்கம் போட்டுப் பார்த்த பிளாக்செயின்

2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த அன்று என் அண்ணன் சிங்கப்பூரில், ஊருக்கு வர டிக்கெட் எடுத்துவைத்துக்கொண்டு காத்திருந்தான். சென்னை விமான நிலையத்தை மதியமே மூடிவிட்டார்கள். அவனுடைய விமானம் தாமதம் என்றது ஒரு ஆப், ரத்து என்றது இன்னொன்று, மூன்றாவதில் சரியான நேரத்துக்குக் கிளம்பும் என்றே இருந்தது. "எதை நம்புறது?" என்று போனில் கேட்டான். கடலூர் தேவனாம்பட்டினத்தில் கரண்ட் இல்லாமல் உட்கார்ந்திருந்த எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டுதான் புதுச்சேரியில் என் பி.டெக். இறுதியாண்டு புராஜெக்டுக்குப் போனேன்.

வான்போக்குவரத்தில் தகவலை எல்லாரும் ஒரே முறையில் பகிர்ந்துகொள்ள 'ஸ்விம்' என்ற ஏற்பாட்டைச் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு முன்வைக்கிறது. பயணத் திட்டம், வானிலை, ஓடுபாதை நிலவரம் எல்லாம் அதில் அடக்கம். இதற்கு பிளாக்செயின் உதவுமா என்பதுதான் என் தலைப்பு. பிளாக்செயின் என்றால், பலர் ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளும், எழுதியதை யாரும் ரகசியமாக மாற்ற முடியாத பொதுப் பதிவுப் புத்தகம் (லெட்ஜர்). தலைப்புக்கு ஒப்புதல் வாங்கும் ஜீரோத் ரிவியூவில் கைடு மேடம் முதலில் கேட்டது, "சாதாரண டேட்டாபேஸ் போதாதா?" என்றுதான். நியாயமான கேள்வி. ஒரே நிறுவனத்துக்குள் என்றால் போதும். ஆனால் விமான நிறுவனம், விமான நிலையம், கட்டுப்பாட்டு மையம், விமானப்படை என்று நாலு பேர் இருக்கிறார்கள். டேட்டாபேஸ் என்ற அந்த ஒரே புத்தகம் யார் கையில் இருப்பது? ஒருவர் கையில் கொடுத்தால் மற்ற மூவரும் அவரையே நம்பியிருக்க வேண்டும். நாசாவின் ஏம்ஸ் ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரொனால்ட் ரெய்ஸ்மன் 2019-ல், அனுமதி பெற்றவர்கள் மட்டுமே சேரக்கூடிய ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக் என்ற பிளாக்செயின் மென்பொருளை இதற்கு முன்மொழிந்திருந்தார். நானும் அதையே எடுத்தேன்.

நிஜத் தகவல் வேண்டுமே என்று மொட்டைமாடியில் ஆன்டெனா வைத்தேன். விமானங்கள் தங்கள் இடத்தையும் உயரத்தையும் 1090 மெகாஹெர்ட்ஸில் தாமாகவே சொல்லிக்கொண்டே போகின்றன. ஏ.டி.எஸ்-பி என்பது அதுதான். அலைநீளம் 27.5 செ.மீ., அதில் கால்பங்கு, அதாவது ஏழு செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவான செம்புக் கம்பி போதும். ஒரு சின்ன யு.எஸ்.பி. ரிசீவர், டம்ப்1090 மென்பொருள், அவ்வளவுதான். துணி காயப்போட வந்த அம்மாவும் நின்று பார்த்தார். 80 என்று ஆரம்பிக்கும் விமான அடையாள எண் திரையில் வந்தபோது, "இது நம்ம நாட்டில் பதிவான விமானம்மா" என்று காட்டினேன். மகிழ்ச்சியோடு ஒரு பயமும் வந்தது. அந்தச் செய்தியில் பூட்டு இல்லை, கையெழுத்தும் இல்லை. எனக்குக் கேட்கிறது என்றால், அதே அலையில் பொய்யாக ஒரு விமானத்தை ஒருவர் 'பறக்கவிடவும்' முடியும்.

முதல் வடிவமைப்பில் வந்த செய்தி எல்லாவற்றையும் செயினில் எழுதினேன். அது தவறு. ஒரு விமானம் தன் இடத்தை நொடிக்கு இரண்டு முறை சொல்லும். ஃபேப்ரிக்கின் மாதிரி அமைப்பிலோ பதிவுகளைச் சேர்த்துக் கட்டும் ஒரு பிளாக் நிறையாவிட்டால் மூட 2 நொடி ஆகும். மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் போகும் விமானம் அதற்குள் அரை கிலோமீட்டர் தாண்டியிருக்கும். அந்த வேலை ரேடாரிடமே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். யார், எப்போது, எதை மாற்றினார் என்பதை மட்டும் செயினில் வைப்பது என்று முடிவானது.

சரி, பயணத் திட்டத்தை மட்டும் எழுதலாம் என்று ஆரம்பித்தால் எம்.வி.சி.சி. கான்ஃப்ளிக்ட் என்ற பிழை. ஒரே விமானத்தின் பதிவை விமான நிறுவனமும் விமான நிலையமும் ஒரே சமயத்தில் திருத்தினால், முதலாவது நிற்கும், இரண்டாவது செல்லாது. புயல் நாளில் நடப்பதே இதுதானே, எல்லாரும் ஒரே நேரத்தில் மாற்றுவார்கள். எட்டு ஜிபி லேப்டாப்பில் நாலு அமைப்புகளுக்கும் தனித்தனிக் கணினி மாதிரி இயங்கும் கன்டெய்னர்களையும் ஓட்டிக்கொண்டு பத்து நாள் இதிலேயே போனது.

வழி காட்டியது அப்பா. அவர் பத்திர எழுத்தர். சாப்பிடும்போது என் பிரச்சினையைச் சொன்னேன். "பதிஞ்ச பத்திரத்துல கை வைக்க முடியாதும்மா. தப்பு இருந்தா பிழைதிருத்தல் பத்திரம்னு தனியா எழுதி அதையும் பதியணும். வில்லங்கம் போட்டுப் பார்த்தா ரெண்டும் வரும்" என்றார். கையைக்கூடக் கழுவாமல் எழுந்து போய்க் குறித்துக்கொண்டேன். ஒரே சாவியில், அதாவது பதிவைத் தேடியெடுக்கும் ஒரே பெயரில், மறுபடி மறுபடி திருத்தாமல், ஒவ்வொரு மாற்றத்தையும் தனிச் சாவியில் எழுதி, கேட்கும்போது வரிசையாகச் சேர்த்துக் காட்டினேன். பிழை நின்றது. விமானிகளுக்கான 'நோட்டாம்' அறிவிப்பும் இதே முறைதான் என்பது அப்புறம் தெரிந்தது. மாற்று அறிவிப்பு வந்தால், எந்தப் பழைய அறிவிப்புக்கு பதிலாக வருகிறது என்று அதன் எண்ணைச் சொல்லியே வரும்.

அடுத்தது நேரம். செயின்கோடு என்கிற, ஃபேப்ரிக்கில் ஓடும் நிரலுக்குள் கணினியின் கடிகாரத்தைக் கேட்டிருந்தேன். ஒவ்வொரு அமைப்பின் கணினியும் (பியர்) அதே நிரலை ஓட்டி வெவ்வேறு மில்லிநொடியைச் சொல்ல, அவை தந்த ஒப்புதல்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. பரிவர்த்தனையோடு வரும் நேரத்தையே எடுத்ததும் சரியானது. இதைச் செய்யப்போகிறவர்கள் முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் எல்லாம் தெரியக்கூடாது என்பதும் முக்கியம். விமானப்படை ஒரு பகுதியை ஏன் மூடுகிறது என்பது விமான நிறுவனத்துக்கு வேண்டியதில்லை, மூடியிருக்கிறது என்பது மட்டும் போதும். ஃபேப்ரிக்கில் பிரைவேட் டேட்டா கலெக்‌ஷன் இதற்காகவே இருக்கிறது. விவரம் உரியவரிடம் மட்டும் இருக்கும், அதன் ஹாஷ், அதாவது அந்த விவரத்திலிருந்து கணக்கிட்ட கைரேகை போன்ற குறியீடு, எல்லாருடைய லெட்ஜரிலும் இருக்கும். பின்னால் விவரத்தை யாராவது மாற்றிக் காட்டினால் ஹாஷ் பொருந்தாது, மாட்டிக்கொள்வார்கள்.

ஏப்ரலில் வைவா. அண்ணனின் விமானத்தையே உதாரணமாக ஓட்டிக் காட்டினேன்: தாமதம், ரத்து, மறுநாள் நேரம் என்று வரிசையாக மூன்று பதிவு, ஒவ்வொன்றிலும் சொன்னவரின் கையெழுத்து. வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கடைசியில் கேட்டார்: "முதலில் வந்த தகவலே பொய்யாக இருந்தால்?" பொய்யை பிளாக்செயின் கண்டுபிடிக்காது, யார் சொன்னது என்பதை மட்டும் மறைக்கவிடாது என்று உள்ளதைச் சொன்னேன். தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஒரே செய்தி பல ரிசீவர்களுக்கு வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து, விமானம் சொல்கிற இடத்தில்தான் இருக்கிறதா என்று கணக்கிட முடியும். உயரத்தையும் சேர்த்துக் கண்டுபிடிக்க நாலு ரிசீவராவது வேண்டும். போன மாதம் லாஸ்பேட்டையில் தோழி வீட்டு மாடியில் இரண்டாவதைக் கட்டிவிட்டு வந்தேன். மூன்றாவதுக்கு நெய்வேலியில் சித்தி வீட்டில் கேட்டிருக்கிறேன்.