பட்டை வண்டிக்கு ஷாக் எதற்கு என்று கேட்பவர்களுக்கு

லோடு வண்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு நம்பிக்கை ஊறிப்போயிருக்கிறது. பட்டை ஸ்பிரிங் (வளைந்த இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டியது) உள்ள வண்டிக்கு ஷாக் அப்சார்பர் பேருக்குத்தான், லீக் ஆனால் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டலாம் என்பார்கள். இது எப்படி வந்தது என்பது புரிகிறது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசும்போது அந்த உராய்வே ஆட்டத்தைக் கொஞ்சம் அடக்கிவிடுகிறது. லோடு இருக்கும்போது ஷாக் செத்திருப்பது ஓட்டுபவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஆபத்து காலி வண்டியில். குட்டி யானையோ (டாடா ஏஸ்) தோஸ்த்தோ பொலேரோ பிக்கப்போ, முழு லோடுக்காகக் கட்டிய பின்பக்கப் பட்டை காலியாகத் திரும்பும்போது விறைத்து நிற்கும். சின்னப் பள்ளத்துக்கே பின் டயர் துள்ளும். தரையில் படாத டயருக்குப் பிடிப்பும் கிடையாது, பிரேக்கும் கிடையாது. மழை நாளில், வளைவில் பிரேக் போடும்போது பின்பக்கம் பக்கவாட்டில் ஓடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். எடையைத் தாங்குவது ஸ்பிரிங்கின் வேலை. டயரைத் தரையோடு வைத்திருப்பது ஷாக்கின் வேலை. அதைக் கழற்றிவிட்டு ஓட்டுவதை எந்த நிலையிலும் நியாயப்படுத்த முடியாது.

ஷாக் போய்விட்டதா என்று பார்க்க, காரில் செய்வதுபோல மூலையில் அழுத்திவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணுவார்கள். பட்டை வண்டியில் இந்தச் சோதனையை நம்பக் கூடாது. கை பலத்துக்குப் பட்டை அசையவே அசையாது. அசைந்தாலும் உராய்வு நிறுத்திவிடும். அதைவிட நல்ல வழி சூடு. மோசமான சாலையில் 15, 20 நிமிடம் ஓட்டிவிட்டு, சைலன்சரில் கை படாமல், இரண்டு பின் ஷாக்குகளின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள். வேலை செய்யும் ஷாக் ஆட்டத்தைச் சூடாக மாற்றும், அதனால் வெதுவெதுப்பாவது இருக்கும். ஒன்று சூடாகவும் மற்றது பச்சைத் தண்ணீர் போலவும் இருந்தால் குளிர்ந்தது செத்துவிட்டது.

ஷாக்கின் உள்ளே போய் வரும் ராடின் ஓரத்தில் லேசான எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பயப்பட வேண்டாம். உடம்பு முழுக்க நனைந்து, மண் அப்பியிருந்தால் ஆயில் சீல் போய்விட்டது. டயரின் சுற்றில் விட்டுவிட்டுக் குழி விழுந்து தேய்ந்திருந்தாலும் ஷாக்கைச் சந்தேகிக்க வேண்டும். வெறும் டக் டக் சத்தம் மட்டும் என்றால் பல நேரம் ஷாக்கின் முனை வளையத்துக்குள் இருக்கும் ரப்பர் புஷ்தான் போயிருக்கும். புஷ் தனியாகக் கிடைக்கும் வண்டியில் அதை மட்டும் மாற்றினால் போதும்.

வாங்கும்போது ஒரே ஆக்சிலுக்கு (இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் அச்சு) இரண்டையும் சேர்த்து வாங்குங்கள். ஒன்று புதிது, ஒன்று பழசு என்றால் இரண்டு பக்கமும் இரண்டு விதமாக எழும்பும். பல பிக்கப்களில் பின் ஷாக் ஒன்று ஆக்சிலுக்கு முன்னாலும் மற்றது பின்னாலும் சாய்ந்திருக்கும். ஆக்சில் முறுக்கிக்கொண்டு குதிப்பதைத் தடுக்க அப்படி வைக்கிறார்கள். அப்படிப்பட்ட வண்டியில் இடது, வலது பாக எண்கள் வேறாக இருக்கலாம், பார்த்து வாங்க வேண்டும்.

நம் ஊரில் ஷாக் சீக்கிரம் சாவதற்கு ரோட்டை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பட்டறையில் கூடுதல் பட்டை கட்டிய வண்டிகளைக் கவனியுங்கள். பின்பக்கம் உயர்ந்துவிட்டதால் காலியாக நிற்கும்போதே ஷாக் ஏறக்குறைய முழுசாக நீண்டிருக்கும். ஒவ்வொரு குழியிலும் டயர் கீழே இறங்கும்போது பிஸ்டன் உள்ளே மேல் தடையில் போய் இடிக்கும். கொஞ்ச நாளில் ஷாக்கின் முனையில் உள்ள கண் வளையம் விரிசல் விடும், அல்லது அது மாட்டியிருக்கும் பின் (ஆணி) முறியும். காலி வண்டியில் மேல் கண்ணுக்கும் கீழ்க் கண்ணுக்கும் நடுவே உள்ள தூரத்தை டேப்பால் அளந்து, புது ஷாக்கின் முழு நீளத்தோடு ஒப்பிடுங்கள். ராடு உள்ளே வெளியே ஓடும் மொத்த தூரத்தில் மூன்றில் ஒரு பங்காவது நீள்வதற்கு மீதம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கூடுதல் பட்டையை எடுங்கள், அதுதான் சரியான வழி. லோடுக்கு ஏற்ப பின் பிரேக்கைக் கூட்டிக் குறைக்கும் வால்வு உள்ள வண்டிகளில் இன்னொரு கேடும் உண்டு. ஆக்சிலிலிருந்து சேசிக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) போகும் அந்த மெல்லிய கம்பி, வண்டி உயர்ந்து நிற்பதைப் பார்த்து லோடு இல்லை என்றே எடுத்துக்கொள்ளும். லோடோடு போகும்போதும் பின் பிரேக் குறைந்துவிடும்.

பின் ஷாக் மாற்ற வண்டியைத் தூக்க வேண்டியதில்லை. சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். அடியில் படுத்தால் கை எட்டும். சைலன்சர் ஆறட்டும். இடம் போதாமல் சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஆக்சிலுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள்; ஜாக்கியை மட்டும் நம்பி உள்ளே போகாதீர்கள். சேசியைத் தூக்கி ஆக்சிலைத் தொங்கவிட்டால் பிரேக் ஹோஸ் இழுபடும்.

முந்தின நாள் இரவே நட்டுகளைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருப்பிடித்த இடத்தில் டபிள்யூடி-40 அடித்து ஊறவிடுங்கள். வாஷர்களின் வரிசையை செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழிந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பது பிறகு முக்கியம். பெரும்பாலும் 17 அல்லது 19 ஸ்பேனர் வரும். முதலில் கீழ் நட்டு, பிறகு மேல் நட்டு. நட்டு வந்தும் ஷாக் வராவிட்டால், புஷ்ஷின் உள் இரும்புக் குழாய் அந்தப் பின்னோடு துருவில் ஒட்டியிருக்கிறது. ரப்பரைக் கத்தியால் அறுத்து எடுத்துவிட்டு, அந்தக் குழாயை மட்டும் ஹேக்சா பிளேடால் நீளவாக்கில் கீறி, உளியால் விரித்தால் கழன்றுவிடும். அந்தப் பின் (ஆணி) சேசியோடு பற்றவைத்தது என்றால் அதில் பிளேடு படவே கூடாது. கேஸ் வைத்துச் சுடுவது பட்டறைகளில் சாதாரணமாக நடக்கிறது. அருகிலேயே பிரேக் பைப்பும் டீசல் டேங்கும் இருக்கும். அடைத்த ஷாக்கைச் சூடாக்கினால் வெடிக்கும். வேண்டாம்.

புது ஷாக்கைப் பெட்டியிலிருந்து எடுத்ததும் மாட்டக் கூடாது. கடையில் படுக்கையில் கிடந்ததில் எண்ணெய் அறைக்குள் காற்று புகுந்திருக்கும். வண்டியில் நிற்கும் நிலையிலேயே நிமிர்த்திப் பிடித்து ராடை முழுதும் இழுங்கள். தலைகீழாகத் திருப்பி முழுதும் அழுத்துங்கள். ஐந்தாறு முறை இப்படிச் செய்தால் நடுவில் வெறுமையாக ஓடும் இடம் மறைந்து, ஒரே சீரான இறுக்கம் கிடைக்கும். அதன்பிறகு மாட்டும்வரை படுக்க வைக்காதீர்கள். இதைச் செய்யாமல் மாட்டிவிட்டு "புது ஷாக்கும் சரியில்லை" என்று திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு. உள்ளே வாயு அடைத்த கேஸ் ஷாக் என்றால் கட்டியிருக்கும் பட்டி மேல் முனையை மாட்டும்வரை இருக்கட்டும். அறுத்ததும் ராடு தானாக வெளியே வரும். எந்த ஷாக்காக இருந்தாலும் பளபளக்கும் ராடைப் பிளையரால் பிடிக்கக் கூடாது. ஒரு கீறல் போதும், சீல் கிழிந்துவிடும்.

மேல் முனையை மாட்டி நட்டைக் கையால் திருகிவிட்டு, கீழ் முனையைப் பின்னில் தள்ளுங்கள். ரப்பர் ஏறாவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள், கிரீஸ் வேண்டாம், ரப்பரை ஊதவைத்துவிடும். லாக் நட்டு புதிதாகவே இருக்கட்டும்.

கடைசி இறுக்கத்தை வண்டி தன் சக்கரங்களில், தன் எடையில் நிற்கும்போதுதான் கொடுக்க வேண்டும். நட்டை இறுக்கியதும் புஷ்ஷின் உள் குழாய் அசையாமல் நின்றுவிடும், அதன்பின் எல்லா அசைவும் ரப்பரின் முறுக்கில்தான். ஆக்சில் தொங்கும்போது இறுக்கினால், இறக்கிய நொடியிலிருந்தே ரப்பர் முறுகிக் கிடக்கும். சில மாதங்களில் கிழியும். எவ்வளவு இறுக்கம் என்பதற்கு வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பாருங்கள். மேல் முனை கண் வளையமாக இல்லாமல் மரை போட்ட குச்சி வகையாக இருந்தால், ரப்பர் வாஷரின் விளிம்பு அளவுக்கு உப்பும்வரை போதும்; குச்சியை ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு கையாலேயே இறுக்குங்கள். காற்றில் ஓடும் நியூமேடிக் கன் ராடையே சுழற்றிவிடும்.

முன்பக்கமும் பட்டை என்றால் வேலை ஏறக்குறைய இதேதான். ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போல முன் ஷாக்கைச் சுற்றிக் காயில் ஸ்பிரிங் உள்ள வண்டியில் மட்டும் வீட்டில் கை வைக்காதீர்கள். அமுக்கிய ஸ்பிரிங் நழுவினால் ஆளைக் கொல்லும். ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் சரியான கம்ப்ரசர் உள்ள கடைக்குப் போங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியபின் நான்கு நட்டுகளையும் ஒருமுறை ஸ்பேனர் வைத்துப் பாருங்கள். அப்போதும் டக் டக் கேட்டால் முதலில் வாஷர் மாறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு பட்டையின் முனையைச் சேசியோடு இணைக்கும் ஷேக்கிளின் புஷ்ஷைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள்.