பாதி தின்ற பிறகும் மரமாகவே நிற்கணும்

கிறிஸ்துமஸ் மாலைக்குக் குடும்பம் மொத்தமும் அண்ணன் வீட்டில் கூடுவதென்று முடிவானதும் சமையல் வேலையெல்லாம் ஆளுக்கொன்றாகப் பிரிந்து போய்விட்டது. எனக்கு மிஞ்சியது சாப்பாட்டு மேசையின் நடு இடம். “பூச்சாடி வச்சா சும்மா இடத்தைத்தான் அடைக்கும். சாப்பாடு ரெடியாகுற வரைக்கும் எல்லாரும் கொறிக்கிற மாதிரி, பார்க்கவும் அழகா ஏதாவது பண்ணேன்” என்றார் அண்ணி. அப்படித்தான் இந்தக் காய்கறி மரம் என் தலையில் விழுந்தது. ஒரு தெர்மோகோல் கூம்பைச் சுற்றிப் புரோக்கோலி, செர்ரித் தக்காளி, சீஸ், ஆலிவ் எல்லாவற்றையும் டூத்பிக்கால் குத்தி நிறுத்தி, உச்சியில் ஒரு நட்சத்திரம் வைத்தால் கிறிஸ்துமஸ் மரம் தயார்.

இதற்கு இணையத்தில் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் எல்லாமே செய்து முடித்த கையோடு எடுத்த படங்கள். விருந்தினர்கள் கைவைக்க ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆன பிறகு மரம் எப்படி இருந்தது என்று யாரும் காட்டுவதில்லை. எனக்கோ அதுதான் தெரிய வேண்டியிருந்தது. சாப்பிடுவதற்காகச் செய்யும் பொருள் முழுசாக இருப்பது முதல் ஐந்து நிமிடம்தான். மீதி நேரமெல்லாம் அது பாதி மரமாகத்தான் மேசையில் நிற்கப்போகிறது. அந்தப் பாதி மரம் அசிங்கமாக இருக்கக் கூடாது, சாயக் கூடாது, யார் கையையும் குத்தக் கூடாது. நான் செய்தது எல்லாம் இதை வைத்துத்தான்.

முதலில் கூம்பு. 30 சென்டிமீட்டர் உயரம், அடியில் 12 சென்டிமீட்டர் அகலம் உள்ளதாக வாங்கினேன். இதைவிடப் பெரிதாக இருந்தால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் மறையும், ஃபிரிட்ஜுக்குள்ளும் போகாது. கணக்குப் போட்டால் இந்தக் கூம்பின் சுற்றுப்பரப்பு சுமார் 575 சதுர சென்டிமீட்டர் வருகிறது. செர்ரித் தக்காளியை மட்டும் நெருக்கி வைத்தாலே 90 வரை தேவைப்படும். புரோக்கோலிப் பூ விரிந்து இடம் பிடிப்பதால் 35, 40 போதும். ஆக, பரப்பை நிரப்புவது புரோக்கோலியின் வேலை, மற்றதெல்லாம் நடுநடுவே வரும் நிறம் என்று வைத்துக்கொண்டால் செலவும் குறையும், மரம் மரமாகவும் தெரியும்.

தெர்மோகோல் கூம்புகள் கைவினை வேலைக்கென்று செய்யப்படுபவை, உணவு மேலே படுவதற்கு என்று அல்ல. அதனால் முழுவதையும் கிளிங் ஃபிலிமால், அதாவது உணவைச் சுற்றி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளால், இறுக்கிச் சுற்றினேன். அலுமினிய ஃபாயில் சுற்றலாம்தான், ஆனால் காய் எடுத்த இடத்திலெல்லாம் விளக்கு வெளிச்சத்தில் அது பளபளக்கும். இன்னொன்றும் உண்டு. ஆரஞ்சுத் தோலைச் சுருளாகச் சீவி அலங்காரமாகக் குத்துவதை நிறையப் படங்களில் பார்த்தேன். ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலின் எண்ணெயில் இருக்கும் லிமோனீன் என்ற வேதிப்பொருள் தெர்மோகோலைக் கரைக்கக்கூடியது. பட்ட இடத்தில் கூம்பு குழிந்துபோகும். அந்த அலங்காரம் நமக்கு வேண்டாம்.

அப்புறம் அடித்தளம். தெர்மோகோலுக்கு எடையே கிடையாது. ஒரு பக்கமாகவே எல்லோரும் எடுத்துச் சாப்பிட்டால் மறுபக்கக் கனம் மரத்தைக் கவிழ்த்துவிடும். கனமான தட்டையான பீங்கான் தட்டில் இருபக்க டேப் ஒட்டி, அதன்மேல் கூம்பை அழுத்தி நிறுத்தினேன். இதைக் காய் குத்துவதற்கு முன்பே செய்துவிட வேண்டும். குத்தின பிறகு கூம்பைப் பிடித்து அழுத்தக் கைக்கு இடமே இருக்காது.

கிளிங் ஃபிலிமுக்கு மேலே ஒரு அடுக்கு இலை. பெரும்பாலான செய்முறைகளில் இது இல்லை, அல்லது விருப்பம்போல என்று போட்டிருக்கும். என்னைக் கேட்டால் இந்த மரத்தில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது. ஒரு தக்காளியை எடுத்ததும் பின்னால் வெள்ளைத் தெர்மோகோல் தெரிந்தால் அது சொட்டை. பச்சை இலை தெரிந்தால் மரத்தில் ஒரு இடைவெளி, அவ்வளவுதான். லெட்டூஸ் சீக்கிரம் வாடும் என்பதால் முட்டைக்கோஸ் இனத்துக் கீரையான சுருட்டைக் கேல் இலையை எடுத்துக்கொண்டேன். நடு நரம்பை உருவிவிட்டு, குளிர்ந்த நீரில் கொஞ்ச நேரம் போட்டால் இலை நீரை இழுத்து விறைப்பாகிறது. அதன்பிறகு துணியில் ஒற்றி ஒற்றி ஈரமே இல்லாமல் எடுக்க வேண்டும். கீழிருந்து மேலாக, ஒரு வரிசையின் அடியை அடுத்த வரிசை மறைக்கும்படி குத்திக்கொண்டே போனேன்.

புரோக்கோலியைப் பச்சையாகவே குத்தலாம் என்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பச்சைத் தண்டில் குச்சி ஏற்றினால் பிளந்துகொள்ளும், மொட்டுகள் மேசை முழுக்க உதிரும். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில், மூடி போடாமல், சரியாக 1 நிமிடம். உடனே அள்ளி ஐஸ் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். கொதிநீரில் போட்ட சில விநாடிகளிலேயே மங்கலான பச்சை பளீரென்று மாறுவதைப் பார்க்கலாம். காயின் செல்களுக்கு இடையில் இருக்கும் காற்று வெளியேறுவதால் வரும் நிறம் அது. அந்தக் குமிழ்கள் பூவைச் சுற்றிப் பொங்கி மேலே வருவதும் கண்ணுக்குத் தெரியும். அப்படியே விட்டு வேகவைத்தால் காயிலிருந்தே வரும் அமிலம் பச்சையத்தைக் கெடுத்துப் பாசி நிறமாக்கிவிடும். மேலே எலுமிச்சைச் சாறு பிழிந்தாலும் கொஞ்ச நேரத்தில் அதே கதிதான். ஐஸ் தண்ணீரிலிருந்து எடுத்ததும் பூவைத் தலைகீழாகத் துணியில் நிறுத்தி வடியவிட்டேன். அந்தப் பூக்களுக்குள் தங்கும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல. நிமிர்த்தி வைத்தால் வடியவே வடியாது; அப்புறம் மரத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு பூவுக்கும் 2 சென்டிமீட்டராவது தண்டு விட்டு வெட்டினால்தான் குச்சிக்குப் பிடிமானம். காலிஃபிளவருக்கும் இதே முறை. ஆங்காங்கே வெள்ளையாக வைத்தால் மரத்தில் பனி படிந்த மாதிரி இருக்கும்.

இனிக் குச்சி விஷயம். நான் அதிகம் யோசித்தது இதற்குத்தான். விருந்தாளி ஒரு சீஸ் துண்டைப் பிடித்து இழுக்கும்போது குச்சி அதோடு வருகிறதா, மரத்திலேயே நின்றுவிடுகிறதா? நின்றுவிட்டால் அரை மணி நேரத்தில் மரம் முள்ளம்பன்றியாகிவிடும். அடுத்து எடுக்க வருபவர் கையில் குத்தும். சாதாரண டூத்பிக் ஆறரை சென்டிமீட்டர் இருக்கிறது. தக்காளிக்குள் 2 சென்டிமீட்டர் போனால் மீதி நாலரையும் கூம்புக்குள் இறங்கிக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் கத்தரிக்கோலால் குச்சிகளை 4 சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டேன். கையால் ஒடித்தால் சிம்பு கிளம்பும், அது சாப்பாட்டில் போய்ச் சேரும், கத்தரிக்கோல்தான் சரி. கூர்முனை கூம்புக்குள், வெட்டின முனை காய்க்குள். இரண்டிலும் பாதிப் பாதி. இழுத்துப் பார்த்தேன், காயோடு குச்சியும் சுலபமாக வந்தது. நேராகக் குத்தாமல், கூம்புக்குள் போகும் முனை சற்றே கீழ்நோக்கிச் சரிவாக இருக்கும்படி குத்தினால் கனமான துண்டும் நழுவாமல் நிற்கிறது.

செர்ரித் தக்காளியைக் காம்பு இருந்த இடத்திலேயே குத்த வேண்டும். மற்ற இடத்தில் குத்தினால் தோல் வெடித்துச் சாறு இலையில் வழியும். ஆலிவ் கொட்டை நீக்கியதாக இருக்கட்டும். உப்புநீரைத் துடைத்துவிட்டுத்தான் குத்த வேண்டும். வெள்ளரிக்காயை மரத்தில் வைக்க எனக்கு மனம் வரவில்லை, அதன் நீர் நிற்காது. நீளநீளமாக நறுக்கித் தட்டின் ஓரத்தில் அடுக்கிவிட்டேன். ஈரமான மோசரெல்லா சீஸ் உருண்டைக்கும் இதே காரணத்தால் இடமில்லை. செடார் மாதிரி கெட்டியான சீஸை, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு வெட்டினால் ஓரங்கள் சுத்தமாக வரும்.

நட்சத்திரம் மஞ்சள் குடைமிளகாயில். அதன் கன்னங்களில் தட்டையாக இருக்கும் பக்கத்தை வெட்டி, உள்பக்கச் சவ்வைச் சீவிவிட்டு, நட்சத்திர அச்சால் அழுத்தினால் ஆயிற்று. இதற்கு மட்டும் முழு நீளக் குச்சி.

அடுக்கும் வரிசையைப் பற்றி ஒரு வார்த்தை. தக்காளியை மாலைபோல் சுருளாகச் சுற்றிக்கொண்டு போவது படத்துக்கு மிக அழகு. ஆனால் சுருளில் நாலு தக்காளி போனதுமே கண் அந்த ஓட்டையில்தான் போய் நிற்கும். இஷ்டத்துக்கு இறைத்த மாதிரி வைத்தால் எது போனது என்றே தெரியாது. பெரிய பூக்கள் அடியில், சின்னது மேலே என்பதைத் தவிர வேறு ஒழுங்கு எதுவும் நான் வைக்கவில்லை. சீஸை மட்டும் நாலு பக்கமும் சமமாகப் பரப்பினேன். முதலில் தீரப்போவது அதுதான் என்பதால், ஒரு பக்கம் மட்டும் மொட்டையாகக் கூடாதே. நடுவில் கிடைத்த சந்துகளில் ரோஸ்மேரித் துணுக்குகளைச் செருகினேன். ஊசி ஊசியாக அது கிறிஸ்துமஸ் மர இலை மாதிரியே இருக்கும், பக்கத்தில் வருபவர்களுக்கு வாசனையும் வரும்.

இலையையும் புரோக்கோலி, காலிஃபிளவர் பூக்களையும் முந்தின இரவே ஏற்றி, ஈரத்துணியைத் தளர்வாகப் போர்த்தி ஃபிரிட்ஜில் வைத்தேன். அதற்காக ஒரு தட்டைக் கழற்ற வேண்டியிருந்தது. உயரத்தை முன்கூட்டியே அளந்துகொள்வது நல்லது. தக்காளியும் ஆலிவும் மறுநாள் மதியம் ஏறின, சீஸ் விருந்தாளிகள் வந்து உட்காரும்போதுதான். அறைச் சூட்டில் சீஸ் வியர்த்து எண்ணெய் கசியும், பார்க்கவே நன்றாக இருக்காது. தவிர, ஃபிரிட்ஜில் இருக்க வேண்டிய உணவை அறை வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. 32 டிகிரிக்கு மேல் வெயில் அடிக்கும் இடமென்றால் 1 மணி நேரம்தான். அதனால் சீஸில் பாதியை ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தேன், முதல் சுற்று தீர்ந்ததும் அதே ஓட்டைகளில் செருக.

தொட்டுக்கொள்ள, துணியில் வடித்த கெட்டித் தயிரில் பூண்டும் உப்பும் மிளகும். சின்னக் கிண்ணங்களில் ஊற்றி மரத்தைச் சுற்றி வைத்தேன். கீழே தெரிந்த டேப்பையும் அவை மறைத்துவிட்டன. போட்ட குச்சிகளுக்குத் தனியாக ஒரு காலிக் கிண்ணம். அதில் முன்கூட்டியே நாலைந்து குச்சிகளை நானே போட்டு வைத்தேன், எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

“பசங்க இருக்காங்களே, குச்சி பரவாயில்லையா?” என்று அண்ணி கேட்டதும் நியாயம்தான். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த மரம் ஆகாது. குச்சி ஒரு பக்கம், முழுத் தக்காளி தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்பது இன்னொரு பக்கம். அவர்களுக்குத் தக்காளியை நீளவாக்கில் நாலாக வெட்டி, குச்சி இல்லாமல், இன்னொரு தட்டில் மரத்தின் வடிவத்தில் படுக்கையாக அடுக்கிக் கொடுத்தேன். அந்தத் தட்டுதான் முதலில் காலியானது.

பெரிய மரத்தில் முதல் கையை வைக்கத்தான் எல்லோருக்கும் தயக்கம். “கெடுத்துடுவோமோன்னு இருக்கு” என்றார் பெரியம்மா. நானே முன்பக்கத்திலிருந்து இரண்டு பூவை எடுத்துத் தயிரில் தோய்த்துச் சாப்பிட்டேன், அப்புறம் தயக்கமில்லாமல் கைகள் நீண்டன. நினைத்தபடியே உட்கார்ந்தவர்களின் கை எட்டும் நடுப்பகுதிதான் முதலில் காலியானது. அவ்வப்போது தட்டைக் கால்வட்டம் திருப்பிவிட்டேன். சாப்பாடு பரிமாறும் நேரத்தில் பாதிக்கு மேல் போயிருந்தது, இலைகள் தெரிந்தன, நட்சத்திரம் அப்படியே இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து தாமதமாக வந்தவர்கள் அந்தக் கோலத்திலேயே மரத்தைப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

மிச்சமிருந்த சீஸை 2 மணி நேரம் தாண்டிவிட்டதால் தூக்கிப் போட்டேன். வேகவைத்த பூக்களுக்கும் அதே கணக்குதான். மரத்தில் ஏற்றாமல் ஃபிரிட்ஜில் ஒதுக்கி வைத்திருந்த காய்கள் மறுநாள் சூப்புக்கு ஆயின. கிளிங் ஃபிலிமை உரித்ததும் கூம்பு, ஓட்டைகளைத் தவிர, சுத்தமாகத்தான் இருந்தது. அண்ணி அதை வாங்கிப் பரண் மேல் வைத்துவிட்டார்.