மஞ்சள் முக்கோணம், எண் 1530

கோத்தகிரி, கட்டபெட்டு, அரவேணு என்று கம்ப்யூட்டர் பழுது பார்க்க நான் போகும் இடங்களில் எல்லாம் இந்தக் கேள்வி வருகிறது. ஏதோ ஒரு காரணத்துக்காக, விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்திருப்பார்கள். அதில் 'யூசர் புரொஃபைல் சர்வீஸ்' என்ற பெயரோடும் மஞ்சள் முக்கோணத்தோடும் 1530 என்ற எண் வரிசையாக நிற்கும். உங்கள் ரெஜிஸ்ட்ரி ஃபைலை (உங்கள் அமைப்புகள் இருக்கும் ஃபைலை) வேறு புரோகிராம்கள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன, அதை இப்போது இறக்கிவிடுகிறேன், அதன் பிறகு அந்தப் புரோகிராம்கள் சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்று செய்தி சொல்லும். "தம்பி, இது வைரஸா? ஹார்டு டிஸ்க் போகப்போகுதா?" என்று கேட்பார்கள். இரண்டும் இல்லை.

நீங்கள் லாகின் செய்ததும், உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரிலிருந்து 'என்டியூசர் டாட்' (NTUSER.DAT) என்ற மறைவான ஃபைலை விண்டோஸ் ரெஜிஸ்ட்ரிக்குள் ஏற்றிக்கொள்கிறது. டெஸ்க்டாப் படம், பிரின்டர் தேர்வு, ஒவ்வொரு புரோகிராமிலும் நீங்கள் செய்துவைத்த மாற்றங்கள் எல்லாம் அதில்தான் இருக்கும். லாக் ஆஃப் செய்யும்போது அதை எழுதி முடித்து, இறக்கி வைக்க வேண்டும். அந்த நேரத்தில் ஏதாவது ஒரு புரோகிராம் அதில் ஒரு கீயை, அதாவது ஒரு பிரிவைத் திறந்துவிட்டு மூடாமல் இருந்தால் இறக்க முடியாது.

எக்ஸ்பி காலத்தில் இதுதான் பெரிய தொல்லை. விண்டோஸ் அதை விடுவிக்க முடியாமல் நிற்கும், லாக் ஆஃப் ஆகாமல் திரை அப்படியே தொங்கும், 1517 என்ற எண்ணில் பதிவு விழும். அதற்காகவே மைக்ரோசாஃப்ட் 'யூசர் புரொஃபைல் ஹைவ் கிளீனப்' என்று பின்னணியில் ஓடும் ஒரு சர்வீஸை இலவசமாகக் கொடுத்தது. விஸ்டாவிலிருந்து அந்த வேலையை விண்டோஸே செய்கிறது, யார் பிடித்திருந்தாலும் விடுவித்து இறக்கிவிடுகிறது. அப்படிச் செய்ததைத்தான் 1530 என்று எழுதி வைக்கிறது. ஆக, அந்த வரியைப் பார்க்கும்போது வேலை அநேகமாக முடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதைத் தெரிந்துகொள்வது மிகவும் முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இந்த மஞ்சள் முக்கோணத்தை வைத்தே ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். விண்டோஸ் கம்பெனியிலிருந்து பேசுகிறோம் என்று போன் செய்வார்கள், ஈவென்ட் வியூவரைத் திறக்கச் சொல்வார்கள், "பாருங்கள், எத்தனை எச்சரிக்கை" என்று பயமுறுத்தி, தூரத்திலிருந்து இயக்கும் புரோகிராமைப் போடச் சொல்வார்கள். நன்றாக ஓடும் கம்ப்யூட்டரிலும் அந்தப் பட்டியலில் எச்சரிக்கை நிறையவே இருக்கும். தனியாக இருக்கும் வயதானவர்களிடம் இதைத் தயவுசெய்து முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

சரி, 1530 வந்தால் எப்போதுமே விட்டுவிடலாமா? இல்லை. தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கி அரைக்கும் தொழிற்சாலை அது. அலுவலகத்தில் ஒரே கம்ப்யூட்டர்தான். பகலில் கணக்கு பார்க்கும் அண்ணன் அவர் பெயரில் லாகின் செய்து பில் போடுவார். சாயங்காலம் இலை லாரிகள் வரும்போது அவர் லாக் ஆஃப் செய்துவிட்டுப் போக, எடை பதிகிற தங்கச்சி அவள் பெயரில் லாகின் செய்வாள். அதன் பிறகு எடைக் கணக்கு பதிவாகாது. அழிப்பதற்காகக் குறித்துவைத்த ரெஜிஸ்ட்ரி கீயைத் தொடக்கூடாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு பிழை வரும். ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், மறுநாள் சாயங்காலம் மறுபடியும் வரும். லாரிகள் வாசலில் வரிசையாக நிற்க, அந்தப் பெண் பதற்றத்தில் நோட்டில் எழுதிவைத்து, ராத்திரி உட்கார்ந்து ஏற்றிக்கொண்டிருந்தாள். விவசாயிக்குக் கிலோ கணக்கில்தான் பணம். எழுதியதில் ஒரு இலக்கம் மாறினாலும் அது யாரோ ஒருவருடைய கூலி.

ஈவென்ட் வியூவரில் 'அப்ளிகேஷன்' பகுதியில் நேரத்தைப் பார்த்தோம். அண்ணன் லாக் ஆஃப் செய்கிற அதே நிமிஷத்தில் 1530. பலரும் மேலே உள்ள இரண்டு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள், விஷயம் கீழே 'டீட்டெய்ல்' என்ற இடத்தில்தான் இருக்கிறது. எத்தனை ஹேண்டில் (கீயைத் திறந்து பிடித்திருக்கும் பிடி) மூடப்படாமல் இருந்தது, எந்தப் புரோகிராம், அது ஓடும்போது விண்டோஸ் அதற்குக் கொடுத்த புராசஸ் எண் என்ன, எந்தக் கீ என்று அங்கே முழு விலாசம் இருக்கும். எடை மென்பொருளின் பின்னணியில் ஓடும், காம் பிளஸ் (COM+) என்ற வகையைச் சேர்ந்த பகுதி ஒன்று அங்கே இருந்தது. அதை நிறுவியவர்கள் அந்த அண்ணனுடைய யூசர் கணக்கிலேயே ஓடும்படி அமைத்திருந்தார்கள். அவர் லாக் ஆஃப் செய்ததும் அவருடைய ரெஜிஸ்ட்ரியை விண்டோஸ் இறக்கிவிடுகிறது, அந்தப் பகுதியோ அதையே நம்பி இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பிறகு எப்படி வேலை செய்யும்?

இதற்கு வழி இரண்டு. யாரும் உட்கார்ந்து லாகின் செய்யாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, அந்தப் பகுதியை அதில் ஓடவிடலாம். அல்லது விண்டோஸ் நடந்துகொள்ளும் விதிகளை மாற்றும் குரூப் பாலிசியில், கம்ப்யூட்டர் கான்ஃபிகரேஷன், அட்மினிஸ்ட்ரேட்டிவ் டெம்ப்ளேட்ஸ், சிஸ்டம், யூசர் புரொஃபைல்ஸ் என்று உள்ளே போனால், லாக் ஆஃபில் ரெஜிஸ்ட்ரியைக் கட்டாயமாக இறக்காதே என்று ஒரு பாலிசி இருக்கும், அதை இயக்கலாம். ஹோம் பதிப்பில் குரூப் பாலிசி எடிட்டரே கிடையாது. நான் முதல் வழியைத்தான் செய்தேன். இரண்டாவது வழியில் எக்ஸ்பி காலத்துப் பழைய தொல்லை திரும்பி வர இடம் இருக்கிறது. தனிக் கணக்குக்கு மாற்றிய பிறகு சாயங்கால எடை தடையில்லாமல் பதிவாகிறது.

வீடுகளில் பார்த்தால் 1530-க்குக் காரணம் பெரும்பாலும் பிரின்டரோடு சேர்ந்து வந்த கண்காணிப்புப் புரோகிராம், அல்லது ஆன்ட்டிவைரஸ். பிரின்டருக்கு டிரைவரை மட்டும் போட்டு, மற்ற இணைப்புகளை நீக்கினாலே பல இடங்களில் போதும். எப்போதாவது ஒருமுறை எஸ்விசிஹோஸ்ட் (விண்டோஸின் சர்வீஸ்களை உள்ளே வைத்து ஓட்டும் புரோகிராம்) பெயரில் வந்து, வேறு எந்தக் குறையும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடுங்கள். ரெஜிஸ்ட்ரி கிளீனர் எதையும் ஓட்டாதீர்கள். மூடாத ஹேண்டிலை அதனால் மூட முடியாது, தேவையான கீயை அழித்துவிடத்தான் முடியும்.

உண்மையில் பயப்பட வேண்டிய எண் 1511. உங்கள் புரொஃபைலை, அதாவது உங்கள் ஃபோல்டரையும் அமைப்புகளையும் கண்டுபிடிக்க முடியவில்லை, தற்காலிகப் புரொஃபைலில் உள்ளே விடுகிறேன் என்பது அதன் பொருள். டெஸ்க்டாப் காலியாக, புதுக் கம்ப்யூட்டர் மாதிரி தெரியும். அந்த நிலையில் டெஸ்க்டாப்பிலோ டாக்குமென்ட்ஸிலோ எதைச் சேமித்தாலும் லாக் ஆஃப் செய்ததும் போய்விடும். எதையாவது செய்து வைத்திருந்தால் முதலில் பென்டிரைவில் ஏற்றுங்கள். பழைய ஃபைல்கள் அழிந்துவிட்டதாக நினைத்து அழுத ஒரு கல்லூரி மாணவியைப் பார்த்திருக்கிறேன். சி டிரைவில் யூசர்ஸ் ஃபோல்டருக்குள் அவள் பெயரில் எல்லாம் பத்திரமாகவே இருந்தது.

சில நேரம் ஒரு ரீஸ்டார்ட்டிலேயே சரியாகிவிடும். ஆகவில்லையென்றால், வேறொரு அட்மின் கணக்கில் லாகின் செய்து, ரெஜிஸ்ட்ரியில் 'புரொஃபைல்லிஸ்ட்' கீயைப் பார்க்க வேண்டும். எஸ்-1-5-21 என்று தொடங்கும் ஒரே எண் இரண்டு முறை இருந்து, ஒன்றின் கடைசியில் 'பேக்' (.bak) என்ற ஒட்டு இருந்தால், அதுதான் உங்கள் உண்மையான புரொஃபைல். புரொஃபைல்லிஸ்ட் கீயை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துக்கொண்டு, ஒட்டு இல்லாததன் பெயரை மாற்றி, மற்றதன் ஒட்டை நீக்க வேண்டும். பழக்கம் இல்லாதவர்கள் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

நம் நீலகிரி மலையில் இந்த 1511 வருவதற்கு ஒரு காரணம் கரன்ட். வடகிழக்குப் பருவமழையில், அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, கோத்தகிரிப் பக்கம் கம்பியின் மேல் மரம் விழாத வாரம் குறைவு. லாக் ஆஃப் நடந்துகொண்டிருக்கும்போது கரன்ட் போனால் என்டியூசர் டாட் பாதி எழுதிய நிலையில் நின்றுவிடும். பக்கத்திலேயே இருக்கும் லாக் ஃபைல்களைக் கொண்டு விண்டோஸ் பெரும்பாலும் சரி செய்துகொள்கிறது. எப்போதும் முடிவதில்லை. யூபிஎஸ் பேட்டரியை மழைக்கு முன்பே சோதித்து, இரண்டு நிமிஷம்கூடத் தாங்கவில்லையென்றால் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. என்னிடம் கேட்பதாக இருந்தால் முக்கோணத்தை மட்டும் போட்டோ எடுத்து அனுப்பாதீர்கள், டீட்டெய்ல் பகுதி முழுவதும் வேண்டும். ரீஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எடுங்கள். எஸ்விசிஹோஸ்ட்டுக்குள் எந்த சர்வீஸ் என்பதை அந்தப் புராசஸ் எண்ணை வைத்து டாஸ்க் மேனேஜரில்தான் பார்க்க வேண்டும், ரீஸ்டார்ட் ஆனால் அந்த எண் மாறிவிடும்.