காம்ப்ரிஹென்சிவ் வைவா: இருபரிமாண டிரான்சிஸ்டர் எடுத்தவர்களுக்கு

நேற்று மாலை மெயில் வந்தது, இந்த வாய்மொழித் தேர்வில் தேறிவிட்டேன். என் தலைப்பு, ஓரிரு அணு அடுக்கே தடிமன் உள்ள பொருள்களில் செய்யும் டிரான்சிஸ்டர். அடுத்த செமஸ்டரில் அதே போர்டு முன் நிற்கப்போகிறவர்களுக்காக, எல்லாம் மறக்கும் முன் எழுதிவிடுகிறேன்.

மற்ற எதையும் விட இதுதான் முக்கியம்: 7.2×10¹⁰. மனப்பாடம் செய்யுங்கள். 300 நானோமீட்டர் சிலிக்கான் டை ஆக்சைடு மேல் டிவைஸ் இருந்தால், பின்பக்க கேட்டில் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனை) ஒரு வோல்ட் கூட்டும்போது சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கேரியர், அதாவது மின்னூட்டம் சுமக்கும் எலக்ட்ரானோ துளையோ, வந்து சேரும். கொள்ளளவு சதுர சென்டிமீட்டருக்கு 11.5 நானோஃபாரட், அதை எலக்ட்ரானின் மின்னூட்டத்தால் வகுத்தால் இதுதான் வரும். த்ரெஷோல்டுக்கு (டிவைஸ் கடத்தத் தொடங்கும் கேட் மின்னழுத்தம்) மேல் 50 வோல்ட் என்றால் 3.6×10¹². அயனித் திரவ கேட் மட்டும் எப்படி 10¹⁴ தொடுகிறது என்று கேட்டாலும் இங்கிருந்தே தொடங்கலாம்: அங்கே மின் இரட்டை அடுக்கின் தடிமன் ஒரு நானோமீட்டர் அளவுதான்.

வெளித்தேர்வாளர் ஒரு பிரிண்ட் அவுட்டை நீட்டினார். டங்ஸ்டன் டைசெலினைடு டிவைஸின் வளைவு, டோப்பிங் (வேற்று அணு கலப்பது) செய்யாதது. கேட்டை எந்தப் பக்கம் திருப்பினாலும் மின்னோட்டம் ஏறுகிறது, துளைகள் (எலக்ட்ரான் இல்லாத காலி இடங்கள்) ஓடும் பக்கம் கொஞ்சம் குட்டை. கேட் மின்னழுத்தத்தை ஏற்றும்போது கோடு ஒன்று, இறக்கும்போது வேறு.

"டோப்பிங்கே பண்ணலையே, துளை எங்கேருந்து வருது?"

"கான்டாக்ட்லேருந்து சார்."

"அப்போ கேட் என்ன செய்யுது?"

பேசாமல் எலக்ட்ரானின் ஆற்றல் பட்டைகளைக் காட்டும் பேண்ட் படம் வரைந்தேன். எதிர் மின்னழுத்தம் பட்டைகளை மேலே தூக்குகிறது, கான்டாக்ட் உலோகம் தொடும் இடத்தில் உள்ள ஷாட்கி தடை மெலிகிறது, துளைகள் ஊடுருவி உள்ளே வருகின்றன. அடுத்து அந்த இரண்டு கோடுகள். இடைவெளி ஏறத்தாழ 10 வோல்ட். ஆக, பொறிகளில் (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் குறைபாடுகள்) சிக்கிய மின்னூட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 7×10¹¹ அளவு என்றேன். மறுபடியும் அதே எண்தான். அதற்குப் பிறகு கேள்விகளின் தொனியே மாறிவிட்டது.

வகுப்பில் சிலிக்கானை வைத்தே டோப்பிங் சொல்லித்தருகிறார்கள், அதுதான் இங்கே காலை வாருகிறது. மாலிப்டினம் டைசல்ஃபைடு ஓரடுக்கின் தடிமன் 0.65 நானோமீட்டர்தான். நயோபியத்தையோ ரீனியத்தையோ உள்ளே வைத்தால், அந்த அணுக்கள் கேரியர் ஓடும் தளத்திலேயே உட்கார்ந்து சிதறடிக்கும். அதனால்தான் கேட், கான்டாக்ட், மாலிப்டினம் ஆக்சைடு மாதிரி மேற்பூச்சு என்று வெளியிலிருந்தே கட்டுப்படுத்துகிறார்கள். எந்த வளைவைக் காட்டினாலும், இந்த மின்னூட்டத்தை அங்கே வைத்தது யார் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பேப்பர்களைக் குவித்துப் படிப்பது எனக்கு ஒத்துவராது. ஒன்றை மட்டும் பேனாவும் தாளுமாக உட்கார்ந்து பிரித்தேன்: 2011-இல் கிஸ் குழு செய்த மாலிப்டினம் டைசல்ஃபைடு ஓரடுக்கு டிரான்சிஸ்டர். ஆன்/ஆஃப் மின்னோட்ட விகிதம் 10⁸, மொபிலிட்டி (கேரியர் எவ்வளவு எளிதாக ஓடுகிறது என்பதன் அளவு) 200 cm²/V·s அளவு. 2013-இல் ஃபியூரரும் ஹோனும் அந்த மொபிலிட்டி மிகை என்று காட்டினார்கள். மேல் கேட் இருக்கும்போது, பின் கேட்டுக்கும் கேரியர் ஓடும் சேனலுக்கும் இடையிலான கொள்ளளவு வெறும் ஆக்சைடு கணக்கை விடப் பல மடங்கு கூடிவிடுகிறது. குறைந்த கொள்ளளவால் வகுத்தால் மொபிலிட்டி ஊதிப்போகத்தானே செய்யும்? கேரியர் எண்ணிக்கையை, காந்தப்புலத்தில் வைத்துச் செய்யும் ஹால் அளவீட்டில் நேரடியாகப் பார்க்கச் சொல்வது இதனால்தான். எனக்கு இது அப்படியே கேள்வியாக வந்தது.

மீதி, சுருக்கமாக:

- சப்த்ரெஷோல்டு ஸ்விங், அதாவது த்ரெஷோல்டுக்குக் கீழே மின்னோட்டத்தைப் பத்து மடங்கு மாற்றத் தேவையான கேட் மின்னழுத்தம். அறை வெப்பநிலையில் அதன் 60 மில்லிவோல்ட் எல்லை எங்கிருந்து வருகிறது என்று போல்ட்ஸ்மன் பரவலிலிருந்து தருவித்துக் காட்டத் தெரிய வேண்டும்.
- ஃபெர்மி மட்டம் பின்னிங்: எந்த உலோகத்தை வைத்தாலும் எலக்ட்ரான் நிரம்பும் மட்டம் ஏறத்தாழ ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வது. மாலிப்டினம் டைசல்ஃபைடில் அது கடத்து பட்டைக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்கிறது. பெரும்பாலான உலோகங்களுக்கு என்-வகையே (எலக்ட்ரான் ஓடும் வகை) கிடைப்பது அதனால்.
- 2021 பிஸ்மத் கான்டாக்ட், கான்டாக்ட் மின்தடை 123 ஓம் மைக்ரோமீட்டர். அரை உலோகம் என்பதால், உலோகம் தொடும்போது பட்டை இடைவெளியில் உண்டாகும் நிலைகள் ஏன் அடங்குகின்றன என்பதோடு சேர்த்துப் படியுங்கள், எண்ணை மட்டும் சொன்னால் விடமாட்டார்கள்.
- குவாண்டம் கொள்ளளவு. என்னிடம் கேட்கவில்லை, எனக்கு முன்னால் போனவரிடம் கேட்டார்கள்.

போர்டு மார்க்கரை நீங்களே எடுத்துப்போங்கள்.