தாத்தா பூட்டின் அடித்துளை ஒருவழியாகத் திறந்தது

போன சனிக்கிழமை ராத்திரி பதினொரு மணிக்கு, கரண்ட் இல்லாமல் டார்ச் வெளிச்சத்தில், அடைபட்டிருந்த அந்த வடிகால் துளை திறந்தது. மூன்றாவது முயற்சி. போன மழைக்காலத்தில் தொடங்கிய வேலை இது, இந்த மழைக்காலம் பாதி போன பிறகுதான் கைகூடியிருக்கிறது. பூட்டு வேலை செய்கிறவர்கள் யாராவது இதே இடத்தில் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் உதவும் என்றுதான் எழுதுகிறேன்.

பூட்டு திண்டுக்கல் பூட்டு. பித்தளை உடம்பு, இரும்பு வளையம், உள்ளே ஆறு லீவர் (சாவி தூக்கிவிடுகிற சின்னத் தகடுகள்). தாத்தா கப்பலேறி ரங்கூன் வந்தபோது பெட்டிக்குப் பூட்டிக்கொண்டு வந்தது என்று வீட்டில் சொல்வார்கள். திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது என்ற செய்தியைப் படித்த அன்றுதான் இதை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்தேன். இப்போது அது எங்கள் கட்டடத்தின் கீழே, மாடிப்படி வாசலில் இருக்கும் மடக்குக் கம்பிக் கதவுக்குப் போகிறது. அந்தக் கதவுக்கு மேலே மறைப்பே கிடையாது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதமும் மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிற ஊரில் அப்படி ஒரு இடத்தில் தொங்குகிற பூட்டு என்ன பாடுபடும் என்று நினைத்துப் பாருங்கள்.

பூட்டுக்கு அடியில் ஒரு சின்னத் துளை இருக்குமே, அதுதான் விஷயம். இன்று கடையில் வாங்குகிற சாதாரணப் பூட்டிலும் பெரும்பாலும் இருக்கும். உள்ளே போன தண்ணீர் வடிவதற்கு அது வழி. இறுகிப்போனால் ஒரு சொட்டு எண்ணெய் விடுவதற்கும் அதே வழிதான். பனி விழும் நாடுகளில் உள்ளே நின்ற தண்ணீர் உறைந்துபோனால் சாவியே திரும்பாது என்பதால் அங்கே இன்னும் முக்கியம். எங்கள் பூட்டில் அந்தத் துளை இல்லை என்றே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சாம்பல் நிறத்தில் ஒரு புள்ளி மட்டும் தெரியும். அம்மாதான் சொன்னார்: "உங்க பெரியப்பா அதுல ஈயம் ஊத்தி அடைச்சார்டா, மழைத் தண்ணி உள்ள போகுதுன்னு." பெரியப்பா ரேடியோ ரிப்பேர் செய்தவர். வீட்டில் எது ஒழுகினாலும் ஈயம் வைத்துவிடுவார். அக்கறையாகத்தான் செய்திருக்கிறார். ஆனால் தண்ணீர் போகிற ஒரே வழியை அடைத்துவிட்டார்.

முதல் முயற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேங்காய் எண்ணெய் விட்டேன். மூன்று வாரம் நன்றாகத் திறந்தது, அப்புறம் பழைய கதைதான். பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடவே விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே போனாலே அது கட்ட ஆரம்பித்துவிடும், டிசம்பர் ஜனவரி விடியற்காலையில் இங்கே அதற்கும் கீழே போகிறது. போதாததற்கு நாள்பட நாள்படத் தூசியோடு சேர்ந்து பிசின் மாதிரி ஆகிவிடும். லீவர் பூட்டில் ஒவ்வொரு லீவரையும் சாவிப் பல் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும், ஒரு மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் திறக்காது, சாவி போன பிறகு ஸ்பிரிங் அதைத் திரும்பக் கீழே தள்ள வேண்டும். (1778இல் இங்கிலாந்தில் ராபர்ட் பாரன் காப்புரிமை வாங்கினாரே, அதே கணக்குதான்.) பிசின் பிடித்தால் தூக்கின லீவர் இறங்காது. அதனால்தான் ஒரு தடவை திறந்து, அடுத்த தடவை அடம்பிடிக்கிறது.

இரண்டாவது முயற்சி ஜனவரியில். ஈயம்தானே, சூடு காட்டினால் இளகிவிடும் என்று நினைத்தேன். ரேடியோ ஈயம் 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும், கணக்கு சரிதான். ஆனால் பித்தளை அந்தச் சூட்டை வாங்கி உடம்பு முழுக்கப் பரப்பிவிடுகிறது. பற்றவைக்கும் கோலால் ஒன்றும் ஆகவில்லை. கேஸ் டார்ச் பிடித்தேன். மொத்தப் பூட்டும் கொதித்த பிறகு ஈயம் இளகியது, இளகியது வெளியே வராமல் ஒரு சொட்டு உள்ளே போய்விட்டது. மிச்சம் ஆறினதும் துளையிலேயே மறுபடி உறைந்தது. ஆட்டிப் பார்த்தால் உள்ளே கடகட என்று ஒரு மணி உருளும் சத்தம். அதற்கப்புறம் சாவி கால் சுற்றுக்கு மேல் திரும்பவே இல்லை. நாலு மாதம் அதைத் தொடவில்லை, அவ்வளவு மனக்கஷ்டம்.

இங்கே ரங்கூனில் தெய்ங்ஜி சந்தைப் பக்கம் ஒரு சந்தில் பூட்டு ரிப்பேர் செய்கிற வயதான பாய் ஒருவர் இருக்கிறார். காளி கோயிலுக்குப் போனால் அப்படியே அவரையும் பார்த்துவிட்டு வருவேன். மே மாதம் பூட்டைக் கொண்டுபோய்க் காட்டினேன். ரிவெட்டை அறுத்து உடம்பைப் பிரித்துவிடலாமா என்று கேட்டேன். பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதைப் பிரிச்சா மறுபடி இந்த மாதிரி மூடுறதுக்கு ஆள் கிடையாது. கீழேர்ந்து குடைஞ்சு பாருங்க."

"துளை கீழேதானே இருக்கு பாய், கீழேர்ந்துதானே குடையணும்?"

"நீங்க பூட்டைக் கவுத்து வச்சுல்ல குடைவீங்க. தொங்குற மாதிரியே புடிச்சுக்கிட்டுக் குடைங்க."

இந்த ஒரு பேச்சுக்காகவே அவர் கடைக்கு எத்தனை தடவை வேண்டுமானாலும் போகலாம். யோசித்துப் பாருங்கள். பூட்டைக் கவிழ்த்து வைத்து மேலிருந்து குடைந்தால் வருகிற பொடி எல்லாம் துளைக்குள்ளேயே விழும், நேராக லீவர் மேல் போய் உட்காரும். பூட்டைத் தொங்குகிற வாக்கிலேயே பிடித்து, கீழிருந்து மேலாகக் குடைந்தால் பொடி தரையில் விழும். இறுக்கிப் பிடிக்கும் வைஸை மேஜை விளிம்பில் மாட்டி, பூட்டின் இரண்டு பக்கமும் பழைய லொஞ்சி (பர்மியக் கைலி) துணி வைத்து இறுக்கி, நான் தரையில் பாய் போட்டு மல்லாந்து படுத்துக்கொண்டேன். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள், ஈயப்பொடி நேரே முகத்தில்தான் விழும். முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

மின்சார ட்ரில் வேண்டவே வேண்டாம். விரலால் உருட்டுகிற கை ட்ரில் போதும், வாட்ச் ரிப்பேர்காரர்கள் வைத்திருப்பது. முதலில் 1.5 மில்லிமீட்டர் ஊசி, அப்புறம் 2. எவ்வளவு ஆழம் போகலாம் என்பதுதான் உயிர்நிலை. தகட்டைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் கூடப் போனாலும் கடைசி லீவரில் கீறல் விழும். வளையம் நுழைகிற ஓட்டையின் ஓரத்தில் தகட்டின் கனத்தை அளந்தேன், 2 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட. அதனால் ஊசி நுனியிலிருந்து 2.5 மில்லிமீட்டர் விட்டு இன்சுலேஷன் டேப்பை நாலு சுற்றுச் சுற்றினேன். டேப் தகட்டில் முட்டினால் நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். பித்தளைக்கும் ஈயத்துக்கும் வித்தியாசம் விரலுக்கே தெரியும். ஈயத்தில் ஊசி வெல்லக்கட்டியில் கத்தி இறங்குகிற மாதிரி மெத்தென்று போகும், பித்தளையைத் தொட்டால் கீச்சென்று ஒரு சின்னச் சத்தம். சத்தம் வந்தால் கையை நேராக்கிக்கொள்ள வேண்டும். பத்து சுற்று உருட்டுவேன், வெளியே எடுத்துத் துடைப்பேன், மறுபடி பத்து சுற்று. இரண்டு மணி நேரம் ஆனது. கடைசியில் விரலில் இருந்த பாரம் சட்டென்று போய், ஊசி கொஞ்சம் மேலே எழும்பியது. பழுப்பு நிறத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊசி வழியாக இறங்கி என் மணிக்கட்டில் விழுந்தது.  அதைத் துடைக்கவே மனசு வரவில்லை.

அப்புறம் சாவித் துவாரம் வழியாக மண்ணெண்ணெய் விட்டேன், கீழே கறுப்பாக வடிந்தது, பிறகு பழுப்பு, ஆறாவது தடவை தெளிவாக வந்தது. போன தடவை உள்ளே விழுந்த ஈய மணி கடுகு அளவில் சாவித் துவாரம் வழியே உருண்டு வந்தது, தீப்பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். ஒரு நாள் காயவிட்டு, துளை வழியாகத் தையல் மிஷின் எண்ணெய் இரண்டே சொட்டு. சாவிப் பல்லில் 2பி பென்சிலால் கறுக்கத் தேய்த்து நாலைந்து தடவை திருப்பினேன். ஆறு லீவரும் டக் டக் என்று இறங்குகிற சத்தம் கேட்கிறது.

நம்புவதற்கு அம்மாவுக்கு ஆதாரம் வேண்டுமே. பூட்டைக் குடைவதற்கு முன்பே சமையலறைத் தராசில் எடை போட்டு வைத்திருந்தேன், காய்ந்த நிலையில் 386 கிராம். அப்போது ஒரு தம்ளர் மஞ்சள் தண்ணீரை மேலிருந்து ஊற்றி வெளியே துடைத்துப் போட்டால் 395. மறுநாள் சாயங்காலமும் 394. அதாவது ஒன்பது கிராம் தண்ணீர் போக வழியில்லாமல் உள்ளேயே நின்றிருக்கிறது. துளை திறந்த பிறகு அதே தம்ளர், அதே மஞ்சள் தண்ணீர். இரண்டு நிமிஷத்தில் 388, மறுநாள் காலையில் 386. தண்ணீர் வளையத்தை ஒட்டிய இடுக்கு வழியாகத்தான் இறங்குகிறது என்பதும் மஞ்சள் கறையில் பளிச்சென்று தெரிந்தது. அம்மா கறையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அவர் மேல அடைச்சிருக்கணும்" என்றார். மேலே அடைக்கவே முடியாது, வளையம் ஏறி இறங்க அந்த இடுக்கு வேண்டும். அதனால்தானே கீழே துளை வைத்திருக்கிறான்.

இது கைவந்ததும் வீட்டில் எதைப் பார்த்தாலும் இது எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. இன்ச் டேப்பின் நுனிக் கொக்கி லொடலொட என்று ஆடுமே, அதைக் கெட்டுப்போனது என்று நினைத்து முன்பு ஒரு டேப்பில் ரிவெட்டைச் சுத்தியலால் அடித்து இறுக்கியவன் நான். கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் அது ஆடும். பலகை விளிம்பில் மாட்டி இழுத்தால் வெளியே வரும், சுவரில் முட்டினால் உள்ளே போகும், இரண்டு விதத்திலும் அளவு சரியாக வருவதற்கு. நான் இறுக்கிய டேப்பால் அளந்து செய்த சாமான் பெட்டியில் ஐந்து தடுப்பும் ஒவ்வொரு மில்லிமீட்டர் குறை, இன்றுவரை ஆடுகிறது. டீக்கடை பிளாஸ்டிக் முக்காலியின் நடுத்துளையும் அப்படித்தான், அடுக்கினால் காற்று உள்ளே போக வழி, இல்லையென்றால் ஒன்றோடொன்று கவ்விக்கொள்ளும். விரலை விட்டுத் தூக்கலாம், மழைத் தண்ணீரும் நிற்காது. குக்கர் மூடியின் விளிம்பில் நீளவாக்கில் ஒரு வெட்டு இருப்பதைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா உடைந்துவிட்டது என்று பயந்தார். வெயிட்டும் சேஃப்டி வால்வும் அடைத்துக்கொண்டால் ரப்பர் அந்த வெட்டு வழியாகப் பிதுங்கி ஆவியை விடும். அதை அடைக்கக் கூடாது, வேறு குக்கரின் ரப்பரைப் போடவும் கூடாது.

அடுத்தது சீனத் தெர்மாஸ். வீட்டில் மூன்று கிடக்கிறது, ஒன்றில் வெறுந்தேநீர் ஒரு மணி நேரம்கூடச் சூடு நிற்பதில்லை. கண்ணாடிக் குடுவையின் அடியில் கூராக ஒரு முனை இருக்கும், காற்றை உறிஞ்சிவிட்டு உருக்கி மூடிய இடம். அதில் விரிசலா, அடியில் இருக்கும் ரப்பர் போனதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக் குடுவை மட்டும் தனியாக எங்கே கிடைக்கும் என்று பாயிடமே கேட்கப் போகிறேன். 2 மில்லிமீட்டர் ஊசியும் அவரிடம்தான் வாங்கினேன். சந்தையில் வேறொரு கடையில் வாங்கியது முதல் நாளே முறிந்தது.

பூட்டில் இன்னும் ஒரு வேலை பாக்கி. சாவித் துவாரத்தின் மேல் மூடி ஒன்று இருக்கிறது, மேலே ஒரே ஆணியில் தொங்குவது. சாவியை எடுத்ததும் தன் எடையாலேயே விழுந்து மூடிக்கொள்ள வேண்டும், தூசியும் சாரலும் போகாமல் இருக்க. அதன் ஆணியையும் யாரோ அடித்து இறுக்கியிருக்கிறார்கள், தள்ளிய இடத்திலேயே நிற்கிறது. மூடிக்கும் தகட்டுக்கும் நடுவில் பழைய பிளேடை நுழைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்கிப் பார்க்கிறேன், இன்னும் அசையவில்லை.

பூட்டு சில நாளாகக் கீழே மழையில்தான் தொங்குகிறது. நேற்று ராத்திரி தம்பி நனைந்துகொண்டே வந்து பால்கனியிலிருந்து தெருவரை தொங்கவிட்டிருக்கும் மணிக் கயிற்றை ஆட்டினான். மணி அடித்ததும் நுனிக் கிளிப்பில் சாவியை மாட்டி இறக்கினேன். மூன்றாவது மாடியில் நின்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன், மழைச் சத்தத்தில் லீவர் சத்தம் கேட்கவில்லை, கம்பிக் கதவு மடங்குகிற சத்தம்தான் கேட்டது. ஒரே திருப்பு என்றான்.