'பீக்' என்றால் வெறும் பார்வை இல்லை: எஸ்.எஸ்.சி. ஆங்கிலத்துக்கு நான் படித்த விதம்

மத்திய அரசு வேலைகளுக்கான எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். ஒரு தவறான விடைக்கு 0.50 போய்விடும். தமிழ் மீடியத்தில் படித்து வருகிற நமக்கு இதில் பெரிய தொல்லை, அர்த்தம் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும் சொற்கள்தான். பீக், பீப், கிளான்ஸ், கிளிம்ப்ஸ் எல்லாவற்றுக்கும் எதிரே 'பார்த்தல்' என்று எழுதிக்கொண்டு போனால், இவையே நாலு ஆப்ஷனாக வந்து நிற்கும்போது கை ஓடாது.

அதனால் நான் 'பீக்'கைத் தனியாகப் படிக்கவில்லை, அதன் கூட்டத்தோடு சேர்த்தே படித்தேன். பார்க்கக் கூடாததை, அல்லது யாருக்கும் தெரியாமல், சட்டென்று ஒரு பார்வை பார்த்துவிடுவது பீக். பரிசுப் பொட்டலத்தை முன்கூட்டியே லேசாகப் பிரித்துப் பார்ப்பது, கண்ணாமூச்சியில் விரல் இடுக்கு வழியே பார்ப்பது எல்லாம் இதில் அடங்கும். பீப்பும் ஏறக்குறைய இதேதான். ஆனால் சாவித் துவாரம், கதவிடுக்கு மாதிரி ஒரு சின்னச் சந்து வழியாகப் பார்ப்பதற்கு அதிகம் வரும். கிளான்ஸில் திருட்டுத்தனம் கட்டாயம் இல்லை, வேகம்தான் முக்கியம். பஸ்ஸுக்கு நிற்பவர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது கிளான்ஸ். கிளிம்ப்ஸ் என்பது நாம் பார்க்க நினைக்காவிட்டாலும் கண்ணில் பட்டு மறைவது. ரயில் ஜன்னலில் ஒரு நொடி தெரிந்து போகும் கடலுக்கு இதுதான் சரி.

பொருளை விட அதிகம் மாட்டிவிடுவது பின்னால் வரும் சின்னச் சொல். பீக்குக்கும் கிளான்ஸுக்கும் 'அட்' வரும்: 'டேக் எ பீக் அட்', 'கிளான்ஸ் அட்'. கிளிம்ப்ஸ் பெயர்ச்சொல்லாக வந்தால் 'ஆஃப்': 'கேட்ச் எ கிளிம்ப்ஸ் ஆஃப்'. அதுவே வினையாக வந்தால் 'அட்' வேண்டாம், 'ஐ கிளிம்ப்ஸ்டு ஹிம்' போதும். 'ஷி பீக்டு டு தி லெட்டர்' என்று பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் கொடுத்தால் கண்ணை 'டு' மேல் வையுங்கள். பீக்குக்கு 'அட்' மட்டும்தான் என்றும் நினைத்துவிடாதீர்கள். கதவு வழியே என்றால் 'த்ரூ', அறைக்குள் என்றால் 'இன்டு', திரைக்குப் பின்னாலிருந்து என்றால் 'அவுட் ஃப்ரம் பிஹைண்ட்' என்று இடத்துக்கு ஏற்ப மாறும்.

எழுத்துப் பிழைக் கேள்விக்கும் இது நல்ல தீனி. பி, இ, இ, கே என்றால் திருட்டுப் பார்வை. பி, இ, ஏ, கே என்றால் மலை உச்சி. பி, ஐ, க்யூ, யு, இ என்றாலும் உச்சரிப்பு அதேதான். அது ஆர்வத்தைத் தூண்டுவது, அல்லது மனத்தாங்கல். பட விளம்பரங்களில் வரும் 'ஸ்னீக் பீக்'கைப் பலர் மலை உச்சி ஸ்பெல்லிங்கில் எழுதுகிறார்கள், ஆங்கிலேயர்கள் உட்பட! பக்கத்தில் 'ஸ்னீக்' நடுவில் 'இ, ஏ' போட்டு நிற்பதால் கை தானாக அப்படிப் போகிறது.

மேகத்துக்குப் பின்னாலிருந்து சூரியன் 'பீக்' செய்கிறது என்று ஒரு பத்தியில் வந்தால் ரகசியம் எங்கே என்று தேட வேண்டாம். கொஞ்சம் மட்டும் தலை காட்டுகிறது, அவ்வளவுதான். கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு இன்னொன்று: தரவுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் ஸ்டாக்கில் மேலே இருப்பதை எடுக்காமல் பார்க்க மட்டும் செய்வதும் 'பீக்'தான்; எடுத்துவிட்டால் 'பாப்'.

அப்புறம் ஒத்த சொல் கேள்விகளில் பீக்கைவிட 'ஃபர்டிவ்', 'சர்ரப்டிஷஸ்', 'ஸ்டெல்தி' போன்ற உரிச்சொற்களைத்தான் அதிகம் எதிர்பார்க்கலாம். மூன்றுமே பிறர் அறியாமல் செய்வதைக் குறிப்பவை. 'எ ஃபர்டிவ் கிளான்ஸ்' என்ற சேர்க்கையை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். கோடிட்ட இடம் நிரப்பும்போது கைகொடுக்கும்.